ஆனையிறவு உப்பும் உடலின் ஓமோன்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலத்தோடு பிணைக்கும் ஒடுங்கிய நிலமாகிய ஆனையிறவு, வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் பிற தேசங்களுக்கு ஏற்றுமதியாகும் பொருட்டு நடத்திச் செல்லப்பட்ட வழியாகவும், ஒல்லாந்தர் கோட்டை அமைத்துக் காவல் புரிந்த வாயிலாகவும் சரித்திரத்தில் இடம் பெற்றதாயினும், சென்ற நூற்றாண்டில் அதற்குக் கீர்த்தி தேடித் தந்தது உப்பே. 1930களின் பிற்பகுதியில் தோன்றிய உப்பளம், சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சீவனோபாயமாக விளங்கியது.

மாரி மழை ஓய்ந்து, கோடை வெயிலும் சோளகக் காற்றும் ஒருங்கே வலுக்கும் காலத்தில், பாத்திகளிற் கட்டிய களப்பு நீர் நாளுக்கு நாள் வற்றித் தடித்து, முதலிற் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் அடியிற் படிய, அதன் பின்னரே உப்பு பளிங்குமணிகளாக விளையும். எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட்டு, வெண்மணிகளை வாரிக் குவிப்பர். கடல்நீரில் இயற்கையாக உள்ள சொற்ப அயடீனில் மிகப் பெரும்பகுதி அவ்வாறு வடித்த நீரோடு போய்விடுவதால், கடலிற் பிறந்த உப்பாயினும் அதில் அயடீன் இல்லையென்றே கூறலாம்.

இந்தக் குறை மனித சரீரத்தின் ஓமோன்களை நேரே பாதிப்பது. பருவமடைதல், கர்ப்பம், மாதவிடாய் நிற்றல், முதுமை, நோய், நித்திரைக் குறைவு முதலியன ஓமோன்கள் மாறுதற்குக் காரணங்களென யாவரும் அறிவர்; ஆனால் உண்ணும் உணவிலுள்ள ஒரு மூலகத்தின் பற்றாக்குறையும் அவ்வாறே மாற்றவல்லது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி ஆக்கும் தைரொக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயடீன் அணுக்கள் உண்டு. அயடீன் குறைந்து தைரொக்சின் தாழும்போது, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தன் தூண்டு ஓமோனை மிகுதியாகச் சொரிய, அதன் ஏவலால் தைரொயிட்டு பருத்துக் கழலையாகிறது. கர்ப்பிணிக்கு இக்குறை கடுமையாக நேர்ந்தால், வயிற்றிலுள்ள சிசுவின் மூளை விருத்தியே குன்றிவிடும்.

தைரொயிட்டில் அயடீன் உண்டென்பதை 1895இல் ஜெர்மானிய விஞ்ஞானி பௌமன் கண்டறிந்தார். மலைநாடாகிய சுவிட்சர்லாந்து, கழலையைத் தடுக்கும் பொருட்டு, 1922இல் உப்பில் அயடீனைக் கலக்கத் தொடங்கிற்று. இலங்கையிலோ, பெருமழை மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்லும் தென்மேற்கு ஈரவலயத்தில் கழுத்துக் கழலை நெடுங்காலம் நிலவியது. 1980களின் பிற்பகுதியில் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் அது காணப்பட்டது. இதன்பின் 1995இல், மனிதர் உண்ணும் உப்பனைத்தும் அயடீன் கலந்ததாகவே விற்கப்படல் வேண்டுமென்று சட்டம் பிறந்தது.

அச்சட்டம் பிறந்த வேளையில், ஆனையிறவு உப்பளம் உள்நாட்டுப் போரினால் 1990இல் மூடப்பட்டுப் போர்க்களமாகிக் கிடந்தது. தேசத்தின் உப்பு மருந்தாக மாறிய அத்தியாயத்தில், தேசத்துக்கு உப்பூட்டிய இந்நிலத்துக்குப் பங்கில்லாது போயிற்று. போர் ஓய்ந்தபின் பாத்திகள் திருத்தப்பட்டு விளைச்சல் மீண்டது. 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. வெறும் உப்பை அள்ளிக் கொடுத்த ஊர், பிறக்கவிருக்கும் சிசுவின் மூளைக்கும் காவலாகும் உப்பைப் பொதி செய்து அனுப்பும் ஊராவது, தொழில் மீட்சியினும் பெரிய பாக்கியமென்றே கருதுகிறேன்.

வாங்குவோர்க்கும் ஒரு கடமையுண்டு. பொதியில் அயடீன் கலந்ததெனும் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். ஈரமும் வெயிலும் படாமல் மூடி வையுங்கள். கறியை இறக்கும் தறுவாயில் உப்பிடுங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படாத அளவே போதும். அந்த அளவிலேயே தைரொயிட்டுக்கு வேண்டிய அயடீன் அடங்கியிருக்கிறது.