மட்டாஞ்சேரியில் ஒரு விபத்து: இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

இரண்டு மாதங்களாக இப்பக்கத்தில் ஏதும் எழுதவில்லை. காரணம் கேட்ட நண்பர்களுக்கும், சட்ட வரலாறு பயிலும் மாணவர்களுக்கும் சேர்த்து இந்த நீள்பதிவு.

கார் வாங்கி இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. மட்டாஞ்சேரி பஜார் சாலையில், பழைய மிளகுக் கிடங்குகளுக்கிடையே, எதிரே வந்த சரக்கு வண்டிக்கு வழிவிடுவதற்காகக் காரைப் பின்னோக்கி எடுத்தேன். துணிமூட்டையுடன் மிதிவண்டியில் பின்னால் வந்துகொண்டிருந்த பெரியவரை நான் பார்க்கவில்லை. கார் மெதுவாகத்தான் நகர்ந்தது. எனினும் அவர் கையூன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வயது 62. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுத்து இஸ்திரி போடுபவர். டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தோர் எனச் சொல்லப்படும் சமூகத்தவர்.

அதன்பின் மூன்று வாக்கியங்கள் என் காதில் விழுந்தன. முதலாவது, கூடியிருந்தவர்கள் சொன்னது: "ஏதாவது கொடுத்து இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்." பெரியவரும் அதையே விரும்பினார்: "போலீசு எதுக்குத் தம்பி, கட்டுப் போடுற செலவைக் குடுத்தாப் போதும்." இரண்டாவது, மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நான் தகவல் தெரிவித்தபின், தொலைபேசியில் ஒருவர் தந்த அறிவுரை: "மிதிவண்டி திடீரென்று குறுக்கே வந்தது என்று எழுதுங்கள், உங்களுக்கு நல்லது." மூன்றாவது, சில வாரங்கள் கழித்துப் பெரியவரிடம் கேட்கப்பட்ட கேள்வி: "மாத வருமானத்துக்குச் சான்று உண்டா?" அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இஸ்திரிப் பெட்டி ரசீது குடுக்குமா தம்பி?"

இம்மூன்றும் தற்செயலான பேச்சுகள் அல்ல. விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்று காலகட்டங்கள் இவற்றில் உறைந்து கிடக்கின்றன என்பதே இப்பதிவின் வாதம்.

முதல் வாக்கியம், சட்டத்துக்கு முந்தைய காலத்துக்குரியது. கேரளத்தின் முதல் மோட்டார் விபத்து மரணம் எனப் பலரும் குறிப்பிடுவது 1914 செப்டம்பரில் நிகழ்ந்தது. 'கேரள காளிதாசன்' எனப் போற்றப்பட்ட கேரளவர்ம வலிய கோயித்தம்புரான், வைக்கத்திலிருந்து திரும்பும் வழியில் காயங்குளம் அருகே கார் விபத்தில் சிக்கி, செப்டம்பர் 22 அன்று மாவேலிக்கரையில் உயிர்நீத்தார். அதே 1914ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டது. வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அச்சட்டம் ஒழுங்குபடுத்தியது. வண்டி மோதி வீழ்ந்தவருக்கு யார், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கான காப்பீட்டு ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. இங்கிலாந்திலும் தொடக்க நிலை இதுவே. 1896இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் மோட்டார் வண்டி மோதி ஒரு பெண் இறந்தபோது, விசாரித்த நடுவர் குழு அதைத் தற்செயல் மரணம் எனக் கூறி முடித்தது.

கொச்சிக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் இருந்தது. இன்று ஒரே நகரமாகத் தெரியும் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் அன்று இரு வேறு ஆட்சிப் பகுதிகள். ஃபோர்ட் கொச்சி, மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிறு பிரிட்டிஷ் திட்டு. மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாடு. விபத்தில் இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடர வழிசெய்த 1855ஆம் ஆண்டுச் சட்டமும், 1914ஆம் ஆண்டு மோட்டார் சட்டமும் பிரிட்டிஷ் பகுதிக்குரியவை. சமஸ்தானத்தை அவை நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. அந்தப் பெரியவர் நாள்தோறும் மிதிவண்டியில் கடக்கும் சில தெருக்கள், ஒரு காலத்தில் ஒரு சட்டத்திலிருந்து இன்னொரு சட்டத்துக்குச் செல்லும் எல்லையாக இருந்தன. விடுதலைக்குப் பின்னரே அத்திட்டு திருவிதாங்கூர்-கொச்சியுடன் இணைந்தது. 1967இல் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் ஒன்றாகிக் கொச்சி மாநகராட்சி உருவானது.

எல்லையின் எப்புறத்தில் விழுந்தாலும் அன்று ஒரு விதி பொதுவாக இருந்தது. காயம்பட்டவருக்குக் கிடைக்கக்கூடியது, மோதியவரின் செல்வத்தைப் பொறுத்தது. கூலி ஓட்டுநர் மோதினால், வழக்கில் வென்றாலும் கையில் ஏதும் வராது. ஆகவே தெருவிலேயே பேசி, கிடைத்ததை வாங்கிக்கொள்வது அறிவுடைய செயலாகவே இருந்தது. கூட்டம் எனக்குச் சொன்னது அந்தப் பழைய அறிவு.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். பிரிட்டனில் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அதே ஏற்பாட்டைக் கொணர்ந்தது. ஆனால் அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். 1956ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமையியல் நீதிமன்றங்களுக்கு மாற்றாக விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்க வழிவகுத்தது. கேரள மாநிலம் பிறந்ததும் அதே ஆண்டில்.

பணம் தருபவர் மாறிவிட்டார். ஆனால் கேள்வி மாறவில்லை. 'யார் தவறு?' என்பதை நிறுவும் சுமை, மருத்துவமனையில் கிடப்பவர் மீதே இருந்தது. இதை முதலில் எதிர்த்த குரல்களுள் ஒன்று, மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால் எர்ணாகுளத்தில் அமைந்த கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து எழுந்தது. அங்கு 1968 முதல் 1971 வரை நீதிபதியாக இருந்த வி.ஆர். கிருஷ்ண ஐயர், மாநிலக் காப்பீட்டு அதிகாரி ஒரு தரப்பாக இருந்த வழக்கில் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க எளியவரால் இயலாது, ஆதலால் காப்பீட்டாளர் மீது நிபந்தனையற்ற பொறுப்பைச் சட்டம் சுமத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் 1977இல் வேறு திசையில் சென்றது. நீதிபதி பி.எஸ். கைலாசம் எழுதிய தீர்ப்பு, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாமல் இழப்பீடு இல்லை என்றது. இருவரின் நிலைகளையும் நல்லவர், அல்லவர் எனப் பிரித்துவிடக் கூடாது. கைலாசத்தின் தீர்ப்பு இருந்த சட்டத்தைச் சொன்னது. கிருஷ்ண ஐயரின் கருத்து வரவேண்டிய சட்டத்தைச் சுட்டியது.

1980இல் உச்ச நீதிமன்றத்தில் கிருஷ்ண ஐயரிடம் என்.கே.வி. பிரதர்ஸ் பேருந்து நிறுவனத்தின் வழக்கு வந்தது. இரவுப் பயணத்தில் பேருந்து, தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசியது. பாதிக்கப்பட்டோர் 26 பேர், அவர்களுள் 8 பேர் அங்கேயே இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் அதைத் தெய்வச் செயலெனக் கருதி ஓட்டுநரை விடுவித்திருந்தது. அந்த விடுதலை, இழப்பீட்டைத் தடுக்காது என்றார் கிருஷ்ண ஐயர். தண்டிப்பதற்கு வேண்டிய சான்று வேறு, ஈடுசெய்வதற்கு வேண்டிய சான்று வேறு என்பது அதன் சாரம். 1982ஆம் ஆண்டுத் திருத்தம் முதன்முறையாகத் தவறு நிரூபிக்காமலே பெறும் தொகையை அறிமுகப்படுத்தியது: இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 1994ஆம் ஆண்டுத் திருத்தமும் அத்தொகைகளை உயர்த்தின. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிவு, சட்டத்தின் கண்ணில் கொடுங்காயமே.

இந்தப் பின்னணியில்தான் "மிதிவண்டி குறுக்கே வந்தது என்று எழுதுங்கள்" என்ற அறிவுரையைப் பார்க்க வேண்டும். காப்பீடு இல்லாத காலத்தில் ஓட்டுநர் உண்மை சொன்னால் அவர் குடும்பம் அழியும். பொய் சொல்வதற்கு அன்று புரிந்துகொள்ளத்தக்க காரணம் இருந்தது. கட்டாயக் காப்பீடு அந்தக் காரணத்தை நீக்கிவிட்டது. 1987ஆம் ஆண்டு ஸ்கேண்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம், காப்பீட்டு நிறுவனங்களின் வணிகத்தை வளர்ப்பது கட்டாயக் காப்பீட்டின் நோக்கமன்று, சாலையில் செல்லும் சமூகத்தைக் காப்பதே அதன் நோக்கம் என்று விளக்கியது. அந்த விளக்கத்தை இன்னும் ஓரடி நீட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: வண்டி ஓட்டுபவர் அழிவுக்கு அஞ்சாமல் உண்மை பேசும் வசதியையும் சமூகம் அந்தச் சந்தாவின் வழியே வாங்கியிருக்கிறது. நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்கலாகாது என்ற நிபந்தனை பாலிசிகளில் உண்டு. ஆனால் பணப்பொறுப்பை ஏற்று எழுதிக்கொடுப்பது வேறு. நடந்ததைக் காவல் துறையிடம் நடந்தபடி சொல்வது வேறு. 'பின்னோக்கி எடுத்தபோது நான் அவரைப் பார்க்கவில்லை' என்றே என் வாக்குமூலத்தில் உள்ளது.

மூன்றாவது வாக்கியமே கடினமானது. 'யார் தவறு?' என்ற கேள்வி தளர்ந்த இடத்தில், 'உன் உடல் மாதம் எவ்வளவு ஈட்டியது?' என்ற கேள்வி வந்து அமர்ந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தரப்பாக இருந்த, 1994ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளிவந்த தீர்ப்பு, பெருக்கெண் முறையை உறுதிசெய்தது. ஆண்டு இழப்பை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவது அம்முறை; 39 வயதில் இறந்தவருக்கு அவ்வழக்கில் பெருக்கெண் 12. டெல்லிப் போக்குவரத்துக் கழக வழக்கு (2009) அதை அட்டவணையாக்கியது. அதன்படி 61 முதல் 65 வயது வரை பெருக்கெண் 7.

காயங்களுக்கு வழிகாட்டுவது 2010 அக்டோபரில் நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் அளித்த தீர்ப்பு. மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடும் பிழைப்பு இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்றது அது. இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ ஏறத்தாழ முழுப் பிழைப்பும் போகலாம். எழுத்தருக்கு ஊதியமே குறையாமல் இருக்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். மாத வருமானம் 12,000 ரூபாய் என ஏற்கப்பட்டால், ஆண்டுக்கு 1,44,000. அதை 7ஆல் பெருக்கினால் 10,08,000. மணிக்கட்டின் ஊனம் 10 விழுக்காடு எனச் சான்றிதழை மட்டும் பார்த்தால், எதிர்கால வருமான இழப்பு 1,00,800 ரூபாய். நாள் முழுதும் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும் கைக்கு அது 40 விழுக்காடு இழப்பு என்று தீர்ப்பாயம் கண்டால் 4,03,200. மருத்துவச் செலவும் வலிக்கான தொகையும் இவற்றுக்கு மேல். முதல் கணக்கைவிடத் தவறு நிரூபிக்காமல் பெறும் 2.5 லட்சம் மேலாகத் தோன்றும். இரண்டாவது கணக்கில் முழுக் கோரிக்கையே மேல். ஒன்றைப் பெற்றால் மற்றதைக் கோர முடியாது. மனுவுக்குச் சட்டம் தரும் காலம் ஆறு மாதம். துணியின் குறியைப் பார்த்தே வீட்டைச் சொல்லும் ஒருவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது சட்டம்.

வருமானச் சான்று இல்லாத உழைப்பு மட்டாஞ்சேரிக்குப் புதிதன்று. துறைமுகத்தில் நிலவிய 'சாப்பா' முறையை ஆய்வாளர்கள் அறிவர். மூப்பன் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவார். போராடிப் பிடித்தவருக்கு மட்டும் அன்றைய வேலை. அம்முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த வில்லை ஒருநாள் வேலைக்குச் சான்று. மறுநாள் கை முறிந்தால் அது எதற்கும் சான்றாகாது. பிற்காலத்தில் 1978ஆம் ஆண்டுக் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் சுமை தூக்குவோருக்குப் பதிவையும் நல வாரியத்தையும் தந்தது. துணி வெளுப்பவரின் உழைப்போ பெரும்பாலும் வீட்டுக்கும் அவருக்கும் இடையிலான வாய்ச்சொல்லாகவே தொடர்கிறது. ராயல் சுந்தரம் வழக்கில் (2011), மாதம் 4,500 ரூபாய் ஈட்டியதாகச் சொன்ன ஒரு கூலித் தொழிலாளியிடம் ஆவணம் எதிர்பார்ப்பது முறையன்று என உச்ச நீதிமன்றம் அவர் சொல்லையே ஏற்றது. அந்தத் தீர்ப்பு இருந்தும் சான்று கேட்கும் பழக்கம் முதற்படியில் மறையவில்லை.

பெரியவரின் மனு இப்போது தீர்ப்பாயத்தில் இருக்கிறது. எதிர்மனுதாரர்களுள் நானும் ஒருவன். துணி கொடுக்கும் ஏழு வீட்டார் தாம் மாதந்தோறும் தருவதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துள்ளனர். அவருடைய வாழ்நாளில் அவர் உழைப்பைப் பற்றி எழுதப்பட்ட முதல் ஆவணம் அதுவாகவே இருக்கக்கூடும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உழைப்பு வரலாற்றுக்கு ஆலைப் பதிவேடுகளையும் தொழிற்சங்க ஏடுகளையும் தேடுகிறோம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் பழைய கோப்புகளையும் தேடுங்கள். தையற்காரர், மீன் விற்பவர், வீட்டு வேலை செய்பவர் எனப் பதிவேறாத உழைப்பாளர்கள் நாளுக்கு எவ்வளவு ஈட்டினர், எந்த விரலால் ஈட்டினர் என்பது சத்தியப் பிரமாணத்தின் கீழ் அங்கே பதிவாகியிருக்கிறது. நீதிமன்றக் கோப்புகள் காலவரையறைப்படி அழிக்கப்படும் என்பதையும் நினைவிற்கொள்க. உடல் முறிந்த அன்றுதான் பலர் நம் ஆவணங்களுக்குள் வருகிறார்கள். அவர்களைப் படிக்க வேண்டியது நம் கடமை.

பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வேன்.