திரௌபதி அம்மன் வழிபாடும் நம் வழிபாட்டுரிமையும்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் பல உள்ளன. தருமராசர் கோயில் என்றும் இவற்றை வழங்குவர். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலே இவற்றுக்குத் தாய்க்கோயில் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து எழுதிய நூலின் முதற்பகுதி 1988-இல் வெளிவந்தது.

விழா கொடியேற்றத்துடன் தொடங்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அருச்சுனன் தவத்தன்று வேடம் பூண்டவர் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவார். இறுதிநாள் படுகளம். துரியோதனன் கிடப்பதுபோல் மண்ணால் பேருருவம் அமைப்பர். வீமனாக வருபவர் அதன் தொடையை அடித்துப் பிளப்பார். சபையில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி அன்றுதான் முடிப்பாள். அதன்பின் தீமிதி.

துகிலுரிதல் கூத்தைக் கண்டோர் அவள் கேட்கும் கேள்வியை மறவார். தன்னையே தோற்ற கணவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்கிறாள். வீடுமரும் துரோணரும் வீற்றிருந்த அவையில் நேரான விடை எழவில்லை. மற்றொன்றும் கருதத்தக்கது. இக்கோயில்கள் பலவற்றில் அம்மனுக்குக் காவல் நிற்பவன் முத்தால் ராவுத்தன் என்னும் இசுலாமிய வீரன். வேற்றுச் சமயத்தானை வாயிற்காவலில் நிறுத்திய இம்மரபு, அதே ஊரின் சேரி மக்களைப் பல இடங்களில் வாயிலுக்கு அப்பால் நிறுத்தியது ஏன்? அம்மனின் கதையில் அதற்கு இடமில்லை. நிலமும் ஊராதிக்கமுமே காரணம் என்பது நம் கருத்து.

சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. எனினும் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஏப்ரலில், தருமராசா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே சென்ற நம் இளைஞர் தாக்கப்பட்டனர். அமைதிப் பேச்சுகள் பயன் தரவில்லை. ஜூன் 7-ஆம் நாள் வருவாய்த்துறையினர் கோயிலுக்கு முத்திரையிட்டனர். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது, பொதுமக்களுக்கு அனுமதியில்லை. 2025 ஏப்ரல் 17 அன்று, காவலர் பாதுகாப்புடன் நம் மக்கள் உட்சென்று வழிபட்டனர்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டது. பொது வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பது மட்டுமன்று, சமய ஊர்வலத்தில் பங்குபெறாமல் தடுப்பதும் அதன்படி குற்றம். பின்னதை நம் இளைஞர் சிறப்பாக அறிதல் வேண்டும். ஏனெனில் இவ்வழிபாட்டின் பெரும்பகுதி கருவறையில் அன்று, தெருவிலும் களத்திலுமே நிகழ்கிறது.