'ரெசிடுவல் கரண்ட்' என்றால் என்ன? உங்கள் வீட்டு மின்பெட்டியில் அதற்கு என்ன வேலை?

உங்கள் வீட்டு மின்பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில், சற்று அகலமாக, 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தானோடு ஒன்று இருக்கிறதா? அதன் பெயர் ஆர்சிசிபி. விரித்துச் சொன்னால், 'ரெசிடுவல் கரண்ட் சர்க்யூட் பிரேக்கர்'.

'சர்க்யூட் பிரேக்கர்' புரிகிறது, மின்சுற்றைத் துண்டிக்கும் கருவி. 'ரெசிடுவல்' என்ற சொல்லில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'எஞ்சிய', 'மீதமுள்ள' என்று பொருள் வருகிறது. மின்சாரத்தில் மீதம்னா என்ன?

பள்ளிச் சுற்றுலாவை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்திலிருந்து 40 பேர் இறங்கினார்கள். திரும்பி ஏறும்போது ஆசிரியர் தலை எண்ணுகிறார். 39 தான் வருகிறது. காணாமல்போன ஒருவர் எங்கே போனார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. ஆனால் பேருந்தை நிறுத்த அந்தக் கணக்கே போதும்.

மின்சாரத்திலும் அதே கணக்குதான். லைவ் வயர் வழியாக வாட்டர் ஹீட்டருக்கு 10 ஆம்பியர் போனால், நியூட்ரல் வயர் வழியாக 10 ஆம்பியர் திரும்ப வேண்டும். ஹீட்டர் அதைச் 'சாப்பிட்டு' விடுவதில்லை. செலவாவது ஆற்றல் மட்டும்தான். போனதிலிருந்து வந்ததைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். வராமல் ஏதாவது எஞ்சினால், அதுதான் ரெசிடுவல் கரண்ட், தமிழில் எஞ்சு மின்னோட்டம். வயர் உறை கிழிந்து, கருவியின் உலோக உடல் வழியாக அது தரைக்குப் போயிருக்கலாம். ஈரத் தரையில் நிற்கும் ஒருவரின் உடல் வழியாகவும் போயிருக்கலாம்.

ஆர்சிசிபி-க்குள் ஒரு காந்த வளையம் இருக்கிறது. லைவ், நியூட்ரல் இரண்டும் அதன் நடுவே போகின்றன. இரண்டிலும் மின்னோட்டம் சமமாக இருந்தால், அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று ரத்துச் செய்துவிடும். சமம் இல்லாவிட்டால், வளையத்தில் சுற்றிய இன்னொரு கம்பிச்சுருளில் மின்னோட்டம் பிறந்து, சுவிட்சைத் தட்டிவிடும். நாம் 'ட்ரிப் ஆயிடுச்சு' என்று சொல்வது இதைத்தான்.

பக்கத்தில் இருக்கும் மற்ற சுவிட்சுகள் போதாதா?

போதாது. அந்தச் சின்ன சுவிட்சுகளின் பெயர் எம்சிபி. வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. உதாரணத்துக்கு, ஒரு எம்சிபி-யின் அளவு 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஈரமான மனித உடலின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியாகப் பாய்வது 0.23 ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். எம்சிபி-யின் கண்ணுக்கு பல்பு எரிவதும் ஒருவரை மின்சாரம் தாக்குவதும் ஒன்றே. அது அசையாது.

வீட்டு ஆர்சிசிபி-யில் பொதுவாக 30 மில்லியாம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் என்று போட்டிருக்கும். எஞ்சு மின்னோட்டம் அந்த அளவை எட்டினால், 0.3 வினாடிக்குள் துண்டிக்க வேண்டும். அதிகமானால் இன்னும் வேகமாக. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் உடலில் பாயும் மின்னோட்டத்தை ஆர்சிசிபி 30 மில்லியாம்பியருக்குக் குறைப்பதில்லை. ஷாக் அடிக்கத்தான் செய்யும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு முன் அது நிற்கும் என்பதே நோக்கம்.

இன்னொரு விஷயம். லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு, மின்னோட்டம் தரைக்குப் போகாமல் ஒரு கை வழியாக வந்து மறுகை வழியாகத் திரும்பினால், ஆர்சிசிபி-க்கு எதுவும் தெரியாது. கணக்கு சரியாக இருக்கிறதே! 'ஆர்சிசிபி இருக்கு, பயமில்லை' என்று யாராவது பிளக்கைக் கழற்றாமல் டோஸ்டரை நோண்டினால், கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள்.

எர்த் வயர் அறுந்திருந்தாலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் எர்த் சரியாக இருந்தால், கசிவு ஏற்பட்டதுமே ட்ரிப் ஆகிவிடும். எர்த் இல்லாவிட்டால், யாராவது ஒருவர் தொட்ட பிறகுதான் பெரும்பாலும் ட்ரிப் ஆகும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பாட்டியாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 டிசம்பரில் ஜாலான் புக்கிட் மேராவில், வீட்டுக் கழிவறையில் மின்சாரம் தாக்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். சிங்கப்பூரில் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி கட்டாயமானது. இல்லாத வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் ஏற்கெனவே இருக்க வேண்டும். தாத்தா பாட்டி இருக்கும் பழைய வீவக வீடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மலேசியாவில் வாட்டர் ஹீட்டர் போன்ற ஈரமான இடங்களுக்கு இன்னும் நுட்பமான 10 மில்லியாம்பியர் கருவி தேவை. அங்கே பலர் இதை இன்னும் 'இஎல்சிபி' என்ற பழைய பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

அடிக்கடி ட்ரிப் ஆகிறதே, ஏன்?

பழுதான ஒரு கருவியே காரணமாக இருக்கலாம். சில நேரம் எந்தக் கருவியிலும் பழுது இருக்காது. கணினி, வாஷிங் மெஷின் போன்றவை ஒவ்வொன்றும் இயல்பாகவே மிகக் குறைந்த அளவு மின்னோட்டத்தை எர்த்துக்கு விடும். எல்லாம் ஒரே ஆர்சிசிபி-யின் கீழ் இருந்தால் அவை கூடிவிடும். 30 என்று எழுதியிருந்தாலும், 15 மில்லியாம்பியரைத் தாண்டிய பிறகு எப்போது வேண்டுமானாலும் அது ட்ரிப் ஆகலாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லா எம்சிபி-களையும் அணைத்துவிட்டு, ஆர்சிசிபி-யைப் போடுங்கள். பிறகு எம்சிபி-களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். அதை அணைத்து வைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். 'தொல்லையா இருக்கு' என்று ஆர்சிசிபி-யைத் தவிர்த்து நேராக வயர் இழுக்கச் சொல்லாதீர்கள்.

'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துவது நல்லது. அது வேண்டுமென்றே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கும். சுவிட்ச் உடனே கீழே விழ வேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்ற வேண்டும். அழுத்தும் முன் வீட்டில் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். யாராவது மடிக்கணினியில் சார்ஜ் இல்லாமல், வைஃபையை நம்பித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கலாம்.