ஒரு அறை வியர்க்கும், ஒரு அறை விறைக்கும்: வீட்டு ஹீற்றிங்கைச் சமன்செய்தல்

மேல்மாடிக்கு ஒன்று, கீழ்மாடிக்கு ஒன்று என இரண்டு தேர்மோஸ்ரற் உள்ள வீடுகள் இங்கிலாந்தில் நம்மவர் பலரிடம் உண்டு. 150 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய வீடுகளை இப்படிப் பிரிக்கும்படி கட்டட விதிகளே கேட்கின்றன. இருந்தும் அம்மம்மாவின் அறை மட்டும் குளிர்ந்து கிடக்கும். உடனே தேர்மோஸ்ரற்றைக் கூட்டுவோம். சூடான அறைதான் இன்னும் சூடாகும், கட்டணமும் ஏறும். வீட்டுக்குள் 18 பாகையாவது வேண்டும், முதியோருக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல்.

முழு மாடியும் குளிர்கிறதா, ஒரு றேடியேற்றர் மட்டுமா என்று முதலில் பாருங்கள்.

முழு மாடியும் என்றால், அந்த மாடிக்குரிய மோட்டர் வால்வைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும். தேர்மோஸ்ரற்றைக் கூட்டி ஒரு நிமிடம் கழித்து, அதிலுள்ள சிறு பிடியை அசையுங்கள். தளர்வாக ஆடினால் வால்வு திறந்திருக்கிறது. இறுக்கமாக இருந்தால் திறக்கவில்லை. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பல வகைகளில் தண்ணீரை வடிக்காமலே மோட்டர்ப் பகுதியை மாற்றலாம்.

ஒரு றேடியேற்றரின் மேற்பகுதி குளிர்ந்தால் உள்ளே காற்று. ஹீற்றிங்கை நிறுத்தி, ஆறிய பின் திறப்பால் காற்றை வெளியேற்றி, பொயிலரின் அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பகுதி குளிர்ந்தால் கறல் சேறு. கழுவ ஆள் வேண்டும். முழுவதும் குளிர்ந்தால், கோடை முழுக்க மூடியிருந்த வால்வின் ஊசி இறுகியிருக்கலாம். இலக்கமிட்ட தலையைக் கழற்றி ஊசியை மெதுவாக அழுத்தினால் திரும்பி மேலே வர வேண்டும். குறட்டால் இழுக்காதீர்கள், தண்ணீர் பாயும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் தூரத்து அறை சூடாகவில்லையா? தண்ணீர் சுலபமான வழியில்தான் ஓடும். பொயிலருக்குக் கிட்டவுள்ள றேடியேற்றர்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்து, ஆறிய வீட்டில் ஹீற்றிங்கைப் போட்டு, எது முதலில் சூடாகிறது என்று வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு றேடியேற்றரின் மறுமுனையிலும் பிளாஸ்ரிக் மூடிக்குள் இன்னொரு வால்வு உண்டு. முதலில் சூடாவதில் அதை முழுதாக மூடி, கால் சுற்று மட்டும் திறவுங்கள். அடுத்தடுத்தவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி அறையில் முழுதாகத் திறந்து விடுங்கள். உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ 11 பாகை வித்தியாசம் வந்தால் போதும். ஒரு பின்னேரம் போகும். பொறுமைதான் முக்கிய ஆயுதம்.

தேர்மோஸ்ரற் குசினிச் சூடு படும் இடத்தில் இருந்தால் இத்தனையும் வீண். கறி கொதிக்கும்போது அது வீடே சூடாகிவிட்டதென்று நினைத்து அந்த மாடியை நிறுத்திவிடும்.