பிள்ளையைச் சாரணர் படையில் சேர்ப்பதும் பெற்றோரின் வேலையும்

சாரணர் இயக்கத்தின் முதல் முகாமுக்கே இரண்டு விதக் கட்டணம் இருந்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாம் அது. பெரிய பள்ளிகளில் படித்த வசதியான வீட்டுப் பையன்களுக்கு ஒரு பவுண்டு. பூல், போர்ன்மத் ஊர்களின் பாய்ஸ் பிரிகேடிலிருந்து வந்த உழைப்பாளி வீட்டுப் பையன்களுக்கு மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. இருவரையும் கலந்து ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்று நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு பெரிய பையனைத் தலைவனாக்கினார். மொத்த இயக்கமும் இந்த அணி முறையில்தான் நிற்கிறது என்பது என் கருத்து. யூனிஃபார்ம், ஸ்கார்ஃப், முடிச்சு எல்லாம் அப்புறம்தான்.

நம் பக்கம் கதை வேறு. 1909-ல் கேப்டன் டி. எச். பேக்கர் பெங்களூரில் இந்தியாவின் முதல் படையைத் தொடங்கினார். ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். நம் பையன்களுக்கு இடமே இல்லை. எந்தப் படையில் சேர்க்கலாம் என்று இன்றைக்கு நாம் யோசிக்கிறோமே, அன்றைய சென்னைத் தகப்பனுக்கு அந்தக் கேள்வியே கிடையாது!

அதனால் 1916-ல் அன்னி பெசன்ட்டும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனியாக ஒரு சாரணர் சங்கம் ஆரம்பித்தார்கள். மறு வருஷம் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் சங்கம் வந்தது. மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் அதன் பின்னால் இருந்தவர்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட்டின் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி இணையவில்லை. எல்லாம் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆனது 1950 நவம்பர் 7-ல்தான்.

சரி, இதில் பெற்றோர் எங்கே வருகிறார்கள்? அண்ணன்மார் போவதைப் பார்த்துத் தம்பிகளும் அடம் பிடிக்க, 1916-ல் பிரிட்டனில் குருளையர் பிரிவு முறைப்படி தொடங்கியது. ஆண்கள் போர்முனையில் இருந்த காலம். பெண்கள் தலைமை ஏற்றார்கள். குருளையர் கையேட்டை எழுத பேடன் பவலுக்கு உதவியவரும் வேரா பார்க்லே என்ற பெண்மணிதான். அமெரிக்காவில் 1930-ல் தொடங்கிய குருளையர் பிரிவிலோ அம்மாக்கள் ‘டென் மதர்’ ஆனார்கள். பக்கத்து வீட்டுப் பையன்கள் வாரம் ஒருநாள் கூடுவது அந்த அம்மாவின் வீட்டில்தான். இவ்வளவு செய்த பெண்களுக்கு அங்கே எல்லாத் தலைமைப் பொறுப்புகளும் திறந்தது 1988-ல்! சின்னப் பிள்ளைகள் என்றால் அம்மா வேண்டும், வளர்ந்த பையன்கள் என்றால் கூடாது என்பது என்ன நியாயமோ.

நம் ஊரில் சாரணர் என்றால் பெரும்பாலும் பள்ளியோடு சேர்ந்தது. அதனால் பெற்றோர் வேலை கையெழுத்து, பணம், போட்டோ என்று மூன்றோடு முடிந்துவிடுகிறது. ராஷ்டிரபதி விருது, ரயில்வே வேலையில் சாரணர் கோட்டா என்று கணக்குப் போட்டுச் சேர்ப்பவர்களும் உண்டு. அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் சான்றிதழுக்காகச் சேர்த்தவர் பிள்ளையின் கயிற்று முடிச்சையும் தானே போட்டுக் கொடுத்துவிடுகிறார். அங்கேதான் சிக்கல்.

பையனுக்காக நான் இரண்டு இடங்கள் பார்த்தேன். ஒன்றில் மைதானம், பேண்ட் செட், வரிசை எல்லாம் பிரமாதம். ஆனால் விசில் முழுக்க ஆசிரியர் கையில். இன்னொன்று ஒரு கோயில் பின்புறத் திடல். கூடாரத்தின் முளை சாய்ந்துபோய் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாலு வயசுப் பையன் ஒருத்தன் சின்னவர்களிடம், “முளையை வெளிப்பக்கமா சாய்ச்சு அடிங்கடா” என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாரண ஆசிரியர் பத்தடி தள்ளி சும்மா நின்றார். இரண்டாவதில்தான் சேர்த்தேன்.

சேர்ப்பதற்கு முன் நான் கேட்ட கேள்விகள் கொஞ்சம்தான். அணித்தலைவன் யார், அவன் என்ன முடிவு எடுக்கிறான்? முகாமில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள்? ஒரே பெரியவர் என்றால் வேண்டாம். ஆசிரியர் பயிற்சி எடுத்தவரா? பெற்றோர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

இப்போது எனக்கு அங்கே இரண்டு வேலை. படையின் வரவு செலவை எக்ஸெலில் போடுவது, முகாமுக்கு அரிசி மளிகை கொண்டுபோய் இறக்குவது. சமையலைப் பையன்களே செய்கிறார்கள். போன முகாமில் சாம்பாரில் உப்பு இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.