குளம் தொட்ட நாடு

மனிதன் மலையையும் கடலையும் மாற்றிவிட்டான். ஆகவே புவியின் இன்றைய காலத்துக்கு அவன் பெயரையே சூட்டவேண்டும் என்று 2000-இல் எழுதினர் அறிவியலாளர்கள் பால் குருட்சனும் யூஜின் ஸ்டோர்மரும். கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றில் படிந்த புளுட்டோனியம் பின்னர் அதற்குச் சாட்சியாகக் காட்டப்பட்டது. 2024 மார்ச்சில் புவியியலாளர் குழுவின் வாக்கெடுப்பில் முன்மொழிவு தோற்றது. எந்த மனிதன், யாருக்காக மாற்றினான் என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

தமிழ் மரபில் இவ்வழக்கு பழையது. புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசுகிறார். மறுமைப் பயனும் வெற்றியும் புகழும் வேண்டுமானால், பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்கு என்கிறார். மழையை மட்டும் நம்பிய நிலம் எவ்வளவு பரந்திருந்தாலும் அரசனுக்கு உதவாதாம். போர் வென்றவனிடமே இதைச் சொல்லும் துணிவு அந்தப் புலவருக்கு இருந்தது. சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் குளம் தோண்டுதல், மரக்கிளை நடுதல், வழி அமைத்தல், வயலாக்குதல், கிணறு எடுத்தல் என்னும் ஐந்தையும் சுவர்க்கம் தரும் அறமாக வைத்தார். வள்ளுவரோ கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை நிறுத்தி, மழை பொய்த்தால் தேவர்க்கும் பூசை நடக்காது என்றார். நிலத்தை மாற்றுவதை நம் முன்னோர் பாவமாக எண்ணவில்லை. யாருக்காக மாற்றுகிறோம் என்றே கேட்டார்கள்.

அக்கேள்விக்குக் குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் கண்ட விடை முந்திரிக் கிணறு. எல்லாச் சாதியாரும் அங்கே ஒன்றாக நீர் எடுத்தனர்.

அதே கேள்விக்கு இப்பகுதிக் கடற்கரை மணல் வேறு விடை சொல்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. மணவாளக்குறிச்சி மணலின் தோரியத்தில் ஐரோப்பாவின் வாயு விளக்குகள் எரிந்தன. வெளிச்சம் ஒரு கரையில், தோண்டிய குழி இன்னொரு கரையில். புவியைச் சுட்டது மனிதகுலம் முழுவதும் அல்ல, நீராவி எந்திரத்தில் முதல் போட்ட சிலரே என்று 2014-இல் ஆய்வாளர்கள் மால்மும் ஹோர்ன்போர்க்கும் வாதிட்டது இங்கே நன்றாகவே விளங்கும்.

சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைக்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது நாஞ்சில் நாட்டுக்குப் பெருமை. இதே மாவட்டத்தில்தான் நான்குவழிச் சாலைக்காகக் குளங்களில் மண் கொட்டப்பட்டது. ஆகவே இம்மாவட்டத்தின் கொட்டாரத்து இளைஞர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே புலப்படத்தோடு குளக்கரைகளில் நடக்கவேண்டும். மடையும் மறுகாலும் அடைபட்ட இடங்களைக் குறித்து, பேரூராட்சியிலும் அகஸ்தீஸ்வரம் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனுக் கொடுக்கவேண்டும். அடுத்த கும்பப்பூ சாகுபடிக்கு நீர் வரும்வரை அந்த மனுவை விடக்கூடாது.