வெளிநாட்டில் கியூஆர் குறியீடு: எங்கே செல்லும், எங்கே செல்லாது? பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

மும்பை: தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் தேநீர்க் கடையானாலும் காய்கறி வண்டியானாலும் கியூஆர் குறியீட்டு அட்டையைக் காண்பது இன்று வழக்கமாகிவிட்டது. பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைபேசியை நீட்டிப் பழகிய மக்கள், வேலைக்காகவோ உறவினரைப் பார்க்கவோ சுற்றுலாவுக்கோ கடல் கடந்து செல்லும்போது அதே வசதியை அங்கும் எதிர்பார்க்கின்றனர். சில நாடுகளில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறுகிறது. பல நாடுகளில் நிறைவேறுவதில்லை. முன்னேற்பாடு இன்றிச் செல்வோர், வங்கிக் கணக்கில் பணம் இருந்தும் உணவுக்கோ வாடகை வாகனத்துக்கோ பணம் செலுத்த இயலாத நிலைக்கு ஆளாக நேரிடும்.

ஒரே சதுரம், வெவ்வேறு வலையமைப்புகள்

கியூஆர் குறியீடு 1994ஆம் ஆண்டு ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா தலைமையிலான குழுவால் உருவாக்கப்பட்டது. வாகன உதிரிபாகங்களை விரைவாக அடையாளம் காண்பதே அதன் முதல் பயன்பாடு. பணப்பரிமாற்றத்தைப் பொறுத்தவரை, அந்தச் சதுரம் ஒரு முகவரிச் சீட்டு மட்டுமே. பணத்தைக் கொண்டுசேர்ப்பது அதன் பின்னால் இயங்கும் வலையமைப்பு.

இந்தியாவில் அது யுபிஐ. சிங்கப்பூரில் பேநௌ, தாய்லாந்தில் பிராம்ப்ட்பே, மலேசியாவில் டூயிட்நௌ, இலங்கையில் லங்கா கியூஆர் என ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஏற்பாடு உண்டு. இரு நாட்டு வலையமைப்புகளுக்கு இடையே உடன்பாடு இருந்தால் மட்டுமே ஒரு நாட்டுச் செயலி மற்றொரு நாட்டுக் குறியீட்டுக்குப் பணம் செலுத்தும். எனவே கடையில் கியூஆர் அட்டை இருப்பதால் மட்டும் இந்தியச் செயலி அங்கு செல்லுபடியாகும் எனக் கருத இயலாது.

யுபிஐ செல்லும் நாடுகள்

யுபிஐ சேவையை 2016ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய இந்திய தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) தலைமையகம், தாராவிக்கு வடக்கே மித்தி ஆற்றின் மறுகரையில் உள்ள பாந்த்ரா குர்லா வளாகத்தில் அமைந்துள்ளது. வெளிநாட்டு விரிவாக்கத்துக்காக 2020ஆம் ஆண்டு அதன் துணை நிறுவனம் தொடங்கப்பட்டது.

2021 ஜூலையில் பூட்டானில் இச்சேவை தொடங்கியது. 2024 பிப்ரவரி 2 அன்று பிரான்சின் ஈபிள் கோபுரத்தில் யுபிஐ ஏற்பு அறிமுகம் செய்யப்பட்டது. அதே மாதம் 12ஆம் தேதி இலங்கையிலும் மொரீசியசிலும் சேவை தொடங்கியது. நேபாளம், ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், கத்தார் ஆகிய நாடுகளிலும் குறிப்பிட்ட வணிகர்களிடம் யுபிஐ மூலம் பணம் செலுத்தலாம். எனினும் இந்நாடுகளின் எல்லாக் கடைகளிலும் இவ்வசதி இல்லை. யுபிஐ ஏற்கப்படுமா என்பதைப் பொருள் வாங்கும் முன்பே கேட்டு உறுதிசெய்வது நல்லது.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை இரு வசதிகளைப் பிரித்தறிய வேண்டும். கடையில் பணம் செலுத்துவது ஒன்று. உறவினருக்குப் பணம் அனுப்புவது மற்றொன்று. 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய யுபிஐ-பேநௌ இணைப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப பாரத ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ வங்கி ஆகியவற்றுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரம்பாக நிர்ணயிக்கப்பட்டது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுப் பரிமாற்ற வசதி செயலியில் இயல்பாகச் செயல்பாட்டில் இருப்பதில்லை. 'யுபிஐ இன்டர்நேஷனல்' என்ற பிரிவுக்குச் சென்று, வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, ரகசிய எண்ணை உள்ளிட்டு அதனை இயக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அது தானாக நின்றுவிடும். எல்லா வங்கிகளும் இவ்வசதியை வழங்குவதில்லை என்பதால் ஊரிலேயே சோதித்துப் பார்ப்பது அவசியம்.

சிம் அட்டையே பலரும் கவனிக்கத் தவறும் அம்சம். யுபிஐ செயலியைப் பதிவுசெய்ய, வங்கியில் பதிவான எண்ணிலிருந்து குறுஞ்செய்தி சென்றாக வேண்டும். வெளிநாட்டில் இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம்மைப் பொருத்தினால், சில செயலிகள் மீண்டும் சரிபார்ப்புக் கோரும். அப்போது ரோமிங் இல்லாவிடில் செயலி முடங்கும். இரட்டை சிம் அல்லது இ-சிம் வசதியுள்ள கைபேசியில் இந்திய எண்ணைத் தக்கவைத்துக்கொண்டு, இணையத்துக்கு மட்டும் உள்ளூர் சிம்மைப் பயன்படுத்தலாம்.

பணம் செலுத்தும்போது உள்ளூர் நாணயத் தொகையும் அதற்கு ஈடான ரூபாய்த் தொகையும் திரையில் தோன்றும். நாணய மாற்று விகிதத்துடன் வங்கிக் கட்டணமும் சேரக்கூடும். இரண்டையும் பார்த்த பின்னரே ரகசிய எண்ணை உள்ளிட வேண்டும்.

வேலைக்குச் செல்வோருக்கு

வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குச் சென்று குடியிருப்போரின் நிலை சுற்றுலாப் பயணிகளின் நிலையிலிருந்து வேறுபட்டது. வெளிநாடுவாழ் இந்தியர் ஆனவர், தமது சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. என்ஆர்ஓ, என்ஆர்இ கணக்குகளை வெளிநாட்டுக் கைபேசி எண்ணுடன் யுபிஐயில் இணைக்க 2023ஆம் ஆண்டு என்பிசிஐ வழிவகுத்தது. முதற்கட்டமாக அமீரகம், சவுதி அரேபியா, ஓமன், கத்தார், சிங்கப்பூர் உள்ளிட்ட 10 நாடுகளின் எண்கள் ஏற்கப்பட்டன.

பணம் மட்டுமன்று

எல்லை கடப்பதிலும் கியூஆர் குறியீடு இடம்பெறத் தொடங்கியுள்ளது. 2024 மார்ச் 19 முதல், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழிச் சோதனைச் சாவடிகளில் காரில் செல்வோர் கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். எனினும் கடவுச்சீட்டை உடன் எடுத்துச் செல்வது கட்டாயம். மறுபுறம் மலேசியா தனது கடவுச்சீட்டுச் சோதனையைத் தனியே நடத்துகிறது.

ஏமாறாமல் இருக்க

உண்மையான குறியீட்டின் மீது போலி ஒட்டுத்தாளை ஒட்டி ஏமாற்றுவது பல நாடுகளில் காணப்படும் மோசடி. சிங்கப்பூரில் தேநீர்க் கடை ஒன்றின் கதவில் கருத்துக்கணிப்பு என்ற பெயரில் ஒட்டப்பட்டிருந்த குறியீட்டை ஸ்கேன் செய்து, அதன் வழியே ஒரு செயலியைப் பதிவிறக்கிய பெண் 20,000 சிங்கப்பூர் டாலரை இழந்த செய்தி 2023இல் வெளியானது. பணம் செலுத்தும் குறியீடு எதுவும் புதிய செயலியைப் பதிவிறக்கச் சொல்லாது. பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. திரையில் தோன்றும் வணிகர் பெயர், கடையின் பெயருடன் பொருந்துகிறதா எனப் பார்ப்பதும் அவசியம்.

கணக்கில் பணம் கழிந்தும் கடைக்குச் சேராவிடில், பரிமாற்றக் குறிப்பு எண்ணைச் சேமித்துக்கொண்டு செயலியிலும் வங்கியிலும் புகார் அளிக்கலாம். வங்கி 30 நாட்களுக்குள் பதிலளிக்கத் தவறினால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

கைபேசியின் மின்கலம் தீர்ந்தாலோ இணையம் துண்டிக்கப்பட்டாலோ எந்தக் குறியீடும் உதவாது. எனவே குறைந்தது இரண்டு நாள் செலவுக்கான உள்ளூர் நாணயமும், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு இயக்கப்பட்ட வங்கி அட்டையும் கைவசம் வைத்திருப்பதே பாதுகாப்பானது.